கை நடுங்கிய ஒன்பது நொடி

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அடையாள அட்டையில் அது பத்திரமாகவே இருந்தது. மற்றபடி அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ரப்பர்.

திரையில் ஒருவன் ஆகாயத்தில் பறக்கிறான் என்றால், அவனைத் தூக்கிப் பிடித்த கம்பியை அழித்தது ரப்பராக இருக்கும். பேய் வந்து நாற்காலியை நகர்த்துகிறது என்றால், பச்சை உடுப்பில் குனிந்து தள்ளிய ஆளை அழித்ததும் அவர்தான். நொடிக்கு இருபத்துநான்கு படம், ஒவ்வொன்றாக, பத்தொன்பது வருடம். செய்தது தெரிந்துவிட்டால் திட்டு விழும் தொழில்கள் உலகத்தில் இரண்டு. ஒன்று இவருடையது, மற்றது ஜேப்படி.

வேலை செய்யும் அறையின் ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. காலை பதினொன்றும் மாலை ஐந்தும் அங்கே ஒரே நிறம். குளிர்சாதனம் இயந்திரங்களுக்காக ஓடியது, மனிதர்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டார்கள். ரப்பரின் மேஜையில் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து, கழுத்துக்கு ஒரு தலையணை, ஆறிப்போன தேநீர்.

மனைவி மருத்துவமனையில் நர்ஸ். நாளெல்லாம் நின்றே வேலை. கணவர் வேலை பார்த்த படம் ஒவ்வொன்றுக்கும் தவறாமல் வருவார், தவறாமல் தூங்குவார். பன்னிரண்டு படம், பன்னிரண்டு தூக்கம். நகரங்கள் இடிந்து விழுந்தபோதும் டிராகன்கள் கத்தியபோதும் அந்தத் தலை ரப்பரின் தோளில் அசையாமல் கிடந்தது. வெளியே வரும்போது மட்டும் கேட்பார்:

"படத்துல என்னங்க கதை?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பாத்தது மொத்தமே நாலு நிமிஷம்."

"முழுசாப் பாத்தவங்களுக்காவது தெரியுமா?"

ரப்பர் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடப்பார்.

பதின்மூன்றாவது படம் விண்வெளிப் படம். அழியப்போகும் ஊரிலிருந்து ஒரு அப்பா தன் மகளைக் கடைசிக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார். கதை அவ்வளவுதான், ஒரு தாளில் ஒரு பக்கம். கிரகங்கள் மட்டும் பதினொன்று. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று யாரும் டைரக்டரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அகப்பைக்கு ஒளிவட்டம் போடச் சொல்லியிருப்பார்.

வழியனுப்பும் காட்சி ஒன்பது நொடி, இருநூற்றுப் பதினாறு படம். அது ரப்பரிடம் வந்தது. அப்பாவாக நடித்தவர் வயதானவர். உள்ளங்கையை விரிக்கிறார். அதில் ஒரு சின்ன நட்சத்திரக் கூட்டம் சுழல வேண்டும், அதுதான் மகளுக்கு வழிகாட்டும் வரைபடம். முகத்தில் அவர் ஒன்றுமே செய்யவில்லை. கை மட்டும் நடுங்கியது.

மேற்பார்வை பார்க்கும் தம்பி பின்னால் வந்து நின்றான்.

"ரப்பரண்ணே, இந்தக் கை ஏன் இப்படி ஆடுது? மேல வைக்கிற நட்சத்திரம் நிக்க மாட்டேங்குதே."

"அவரு நடிச்சிருக்காரு தம்பி."

"நடிப்ப யாரு கேட்டா? டைரக்டர் சார் என்ன சொல்றாரு தெரியுமா? ஜனங்க வாயப் பொளக்க வர்றாங்க, கண்ணத் தொடைக்க இல்லியாம். நடுக்கத்த அழிச்சிருங்க."

ரப்பர் அழித்தார். மூன்று நாளில் பதினேழாம் பதிப்பு தயாரானது. கை கல்லாக நின்றது, நட்சத்திரங்கள் அதன்மேல் அழகாகச் சுழன்றன. டைரக்டர் பார்த்து, "பிரமாதம்" என்றார். ஒப்புதல் கிடைத்தது.

ரப்பருக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ஆயிரம் கம்பிகளை அழித்தவர்தான். ஆனால் கம்பி பொய், அழித்தால் தப்பில்லை. இந்தப் படம் முழுக்க உண்மையாக இருந்தது அந்த நடுக்கம் ஒன்றுதான். அதையும் அழித்துவிட்டால், அந்தப் பெரியவர் மகளுக்கு டார்ச் விளக்கு கொடுக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு மதிய இடைவேளைகளில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், நடுங்கும் கையை மறுபடி எடுத்தார். கை எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவே நட்சத்திரங்களையும் ஆட்டினார், படம் படமாக, மயிரிழை மயிரிழையாக. யாரும் கேட்காத வேலை. தானே ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் செய்தார்.

தப்பு, சேமித்த இடத்தில் நடந்தது. பத்தொன்பது வருடப் பழக்கம், விரல் தானாகவே அடுத்த எண்ணைத் தட்டிவிட்டது: பதினெட்டு. படத்தைக் கோத்துத் தைக்கும் இயந்திரத்துக்குக் கலை தெரியாது, எண்ணத் தெரியும். எந்தப் பதிப்பின் எண் பெரிதோ அதை எடுத்துக்கொள்ளும்.

மறுநாள் காலை பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது இது அவருக்கு உறைத்தது. ஒப்புதல் இல்லாத காட்சி உள்ளே போயிருந்தால் வேலை போகும். ஓடிப்போய்த் தம்பியின் கதவைத் தட்டினார். தம்பி போனில் இருந்தான். ஒன்பதாம் கிரகம் வெடித்தது போதாதாம், இன்னும் பெரிதாக வெடிக்க வேண்டுமாம்.

"தம்பி, அந்தக் கை..."

"அதான் முடிஞ்சுபோச்சேண்ணே! வெடிக்கிற நேரத்துல கையக் கொண்டுவந்து நீட்டுறீங்களே!"

ரப்பர் வாசலில் சற்று நின்றார். சொல்லியாகிவிட்டதா இல்லையா என்று மனதுக்குள் ஒரு சின்ன வழக்கு நடந்தது. சொல்லியாகிவிட்டது என்று தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டு, நாற்காலிக்குத் திரும்பினார். அசதி சில சமயம் துணிச்சல் மாதிரியே இருக்கும்.

வேலை பார்த்தவர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் ஞாயிறு காலை படம் போட்டார்கள். மனைவி வார்டிலிருந்து நேராக வந்தார். இரண்டாவது கிரகத்தில் தலை தோளுக்கு வந்தது. ஏழாவதில் மெல்லிய குறட்டை. ரப்பர் நகத்தைக் கடித்தபடி காத்திருந்தார். ஒன்பது வெடித்தது, நாற்காலிகள் அதிர்ந்தன, குறட்டை அதிரவில்லை.

பிறகு சட்டென்று சத்தம் நின்றது. திரையில் அந்தக் கை. நடுங்கியது. நட்சத்திரங்களும் கூடவே நடுங்கின.

சத்தம் நின்றதாலேயே மனைவி விழித்துக்கொண்டார். வார்டில் எதையாவது கவனிக்க வேண்டியிருந்தால் நிமிர்வதுபோல நிமிர்ந்தார்.

"இது வயசு நடுக்கம் இல்லீங்க," என்றார் மெதுவாக. "எத்தன கையில ஊசி போட்டிருக்கேன். இது பயத்துல வர்றது. என்ன ஆச்சு இவருக்கு?"

ரப்பர் மனைவியின் காதருகே குனிந்தார். "பொண்ண அனுப்புறாரு. திரும்பி வரமாட்டாள்னு அவருக்குத் தெரியும்."

"அந்தப் பொண்ணுக்கு?"

"தெரியாது."

"அடப் பாவமே," என்றார் மனைவி. ஒன்பது நொடி முடிந்தது. பத்தாவது கிரகத்தில் சண்டை ஆரம்பித்தது. தலை தோளுக்குத் திரும்பியது. ரப்பர் அந்தப் பாரத்தை அசைக்காமல், மீதிப் படத்தைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை தம்பி வேகமாக வந்தான். ரப்பர் எழுந்து நின்றுவிட்டார், திட்டை வாங்கிக்கொள்ள.

"உக்காருங்கண்ணே! அந்தக் காட்சியத்தான் எல்லாப் பத்திரிகையும் எழுதியிருக்கு. அழுதாங்களாம்!"

"அந்தப் பெரியவரு நல்லா..."

"பெரியவர விடுங்க. நட்சத்திரம் நடுங்குச்சு பாருங்க, அந்த எஃபெக்ட்! டைரக்டர் சார் துள்ளிக் குதிக்கிறாரு. அடுத்த படத்துல எல்லாம் நடுங்கணுமாம். கப்பல், நிலா, வில்லனோட கோட்டை, எல்லாம். நானூறு காட்சி வருது, பாத்துக்கங்க."

தம்பி போய்விட்டான். ரப்பர் கண்ணில் இரண்டு சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, அது காயும்வரை கூரையைப் பார்த்திருந்தார். பிறகு முதல் நிலாவைத் திறந்தார். அது அசையாமல் வட்டமாக நின்றது. அதை நடுங்க வைக்கத் தொடங்கினார்.