அண்ணனின் இடது முட்டி

நான் பிறந்தது ஸ்ரீரங்கம், வாழ்க்கைப்பட்டது திருவானைக்காவல். நடந்து போகிற தூரம்தான். ஆனால் ஃபுட்பால் என்று வந்துவிட்டால் அண்டை நாடுகள் தோற்றுப்போகும்.

வருடத்துக்கு ஒருமுறை கொள்ளிடக் கரை மைதானத்தில் இரண்டு ஊர் டீமும் மோதும். என்னைப் போல ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த மருமகள்களுக்கு அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. புருஷன் ஊர்க்காரர்களோடுதான் உட்கார வேண்டும். பிறந்த ஊர் கோல் போட்டால் கை தட்டக் கூடாது. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமியார் பந்தைப் பார்ப்பதில்லை, நம் கையைத்தான் பார்ப்பார்.

என் அண்ணன் ஸ்ரீரங்கம் டீமில் லெஃப்ட் விங். என் வீட்டுக்காரர் திருவானைக்காவல் டீமில் நடு பேக். "மாப்பிள்ளை நல்லவருதான், ஆனா காலைத் தட்டி விட்டுடுவாரு" என்று நிச்சயதார்த்தத்தில் அண்ணன் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. பால் பாக்கெட்டைக்கூட இரண்டு தடவை தேதி பார்த்துத்தான் வாங்குவேன்.

இந்த வருடம் மேட்சுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அண்ணன் போன் செய்தான். பிராக்டிஸில் இடது முட்டி பிசகி வீங்கிவிட்டதாம். இன்னொரு அடி பட்டால் ஃபுட்பாலை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அப்ப ஆடாத அண்ணா" என்றேன்.

"திருவானைக்காவலோட ஆடாம உட்கார்ந்தா, நான் தெருவுல நடக்க முடியுமா? டீம்ல யார்கிட்டயும் சொல்லல. முட்டியில மாட்டிக்கற நல்ல நீ-கேப்பா ஒண்ணு வாங்கிக் கொடு, நான் கடைக்குப் போனா எவனாவது பார்த்துடுவான். மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா முட்டியைப் பார்த்தே அடிப்பாங்க."

அன்று மாலையே ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க என்னையும் அவரையும் மாமியார் மலைக்கோட்டைக்கு அனுப்பினார். அவர் ஜூஸ் கடையில் நின்ற நேரத்தில், பக்கத்துச் சந்தில் நீ-கேப்பை வாங்கிப் புடவைப் பைக்குள் திணித்துவிட்டேன். திரும்பும்போது ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அலுப்பில் தூங்கியும் போனேன். மறுநாள் காலை கோயிலுக்குப் போவதாகச் சொல்லி, அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது அவர் சாதாரணமாகக் கேட்டார். "மச்சான் இந்த வருஷம் ஆடறாருல்ல?"

என்னிடம் மேட்சைப் பற்றிப் பேசவே மாட்டாத மனுஷன். ரசம் எடுக்கிற சாக்கில் எழுந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய கேப்டனோடு போனில் பேசுவது காதில் விழுந்தது. "இந்தத் தடவை நான் ரைட் பேக்ல நிக்கறேன். மச்சானை ஒட்டியே நின்னு நானே மார்க் பண்றேன்."

எத்தனையோ வருடமாக நடுவில் நிற்பவர் ஏன் இடம் மாற வேண்டும்? என் போனைப் பார்த்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். பாஸ்வேர்டை மாற்றினேன். அவர் குளிக்கப் போனதும் அவர் போனை எடுத்துத் துழாவினேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் ஷூ லேஸ் கட்டினால்கூட, அண்ணன் முட்டியை உடைக்கத் தயாராகிறார் என்றே தோன்றியது. அந்த நாட்களில் அவரை வெறுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பொறுக்க முடியாமல் அண்ணனுக்குப் போன் செய்து, "உன்னை இவர்தான் மார்க் பண்றார், ஜாக்கிரதை" என்றேன்.

"நீ சொல்லிட்டியா?" என்றான் அண்ணன்.

"சத்தியமா இல்லண்ணா."

"பரவால்ல விடு. இப்ப அதுதானே உன் ஊரு."

போனை வைத்துவிட்டு அழுதேன். அதன் பிறகுதான் உறைத்தது, இந்த வீட்டுச் செய்தியை அந்த வீட்டுக்குக் கடத்தியிருப்பது நான்தான் என்று.

மேட்ச் அன்று மாமியாருக்குப் பக்கத்தில் முந்தானைக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ரைட் பேக்கில் நின்று அண்ணனை விடாமல் துரத்தினார். வழக்கமாக அந்த இடத்தில் ஆடுகிறவர் ஒரு முரடர், ஆளையும் பந்தையும் சேர்த்தே உதைப்பார். இந்தத் தடவை நடுவில் நின்ற அந்த முரடர் ஒருமுறை உதவிக்கு ஓடி வந்தபோது, "நான் இருக்கேன், நீ போ" என்று இவர் கத்தித் துரத்தினார். கடைசிக் கட்டத்தில் அண்ணன் பந்தோடு கோல் பக்கம் வெட்டித் திரும்பினான். எதிரே என் வீட்டுக்காரர். சறுக்கி விழுந்து காலை நீட்டினார். நான் கண்ணை மூடப் போனேன். அதற்குள் நீட்டிய காலை அவரே இழுத்துக்கொண்டார். பந்து கோலுக்குள் போனது. ஸ்ரீரங்கம் ஜெயித்துவிட்டது.

இழுத்த காலை ஊரே பார்த்தது. "மச்சானுக்கு ஊரை வித்துட்டான்" என்று எங்கள் பின்வரிசையிலிருந்து ஒருவர் சத்தமாகச் சொன்னார். மாமியார் அன்றைக்கு என் கையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் டீமுக்கு வர வேண்டாம் என்று மைதானத்திலேயே அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியவரிடம், "உங்களுக்கு முட்டி விஷயம் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"பஸ்ல நீ தூங்கிட்ட. பையிலேருந்து நீ-கேப் விழுந்துச்சு, எடுத்து உள்ள வச்சேன். நம்ம வீட்ல யாருக்கு முட்டி வலி? அந்த முரடன் மச்சானை மார்க் பண்ணினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவர் ஷூவுக்குள் இருந்த மண்ணை வாசலில் தட்டினார்.

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன். மச்சான் ஆடறாரான்னு கேட்டுக்கூடப் பார்த்தேன்" என்றார்.