பெட்ரோல் முள்ளும் என் மூன்றாவது டெஸ்டும்

என் கணவருக்குக் கார் பைத்தியம். அதுவும் பழைய கார் பைத்தியம். நியூ லின்னில் ஒரு பெரியவரிடமிருந்து அறுபது வயதான குட்டிக் கார் ஒன்றை அவர் வாங்கி வந்த அன்று, "இதுல நாலு பேர் உட்காரலாமா, இல்ல ரெண்டு பேரும் ஒரு அரிசி மூட்டையுமா?" என்று கேட்டேன். மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. வேலைக்கு அவர் ரயிலில் போய்விடுவார் என்பதால் வீட்டுக்கு அந்த ஒரே கார்தான். நான் ஓட்டப் பழகியதும் அதில்தான். கியர் மாற்றினால் அது உறுமும், பதிலுக்கு நான் திட்டுவேன். ஆறு மாதத்தில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது.

லைசென்ஸ்தான் ஒத்துவரவில்லை. ஏர்போர்ட் பக்கம் ஒரு வேர்ஹவுஸில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலை ஆறு மணி ஷிஃப்ட். பாபடோயிட்டோயில் எங்கள் தெருவிலிருந்து அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. பழகுநர் லைசென்ஸை வைத்துக்கொண்டு தனியாகவும் ஓட்டக் கூடாது. பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஆள் உட்கார வேண்டும். எனக்கு வாய்த்த ஆள் என் கணவர். தன் பக்கம் இல்லாத பிரேக்கை வழியெல்லாம் மிதித்துக்கொண்டே வருவார்.

முதல் டெஸ்டில் வழிவிட வேண்டிய இடத்தில் வழிவிடாமல் போய் ஃபெயில் ஆனேன். அன்று மாலையே சுண்டுவிரல் உயரப் பித்தளைப் பிள்ளையார் ஒருவரை மீட்டருக்கு மேலே, என் கண்ணுக்கு நேரே உட்கார வைத்தேன்.

இரண்டாவது டெஸ்டில் எல்லாமே அழகாகப் போனது. கடைசி ரவுண்டபவுட்டில் கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. டாங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை. முள்ளோ ஃபுல்லில் நிமிர்ந்து நிற்கிறது. பக்கத்தில் இருந்த டெஸ்ட் எடுக்கும் அம்மாள் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ எழுதினார். மீட்டரைச் சரி செய்யாமல் இந்தக் காரை இங்கே கொண்டு வராதே என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தே போய்விட்டார். நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன். வேர்ஹவுஸ் மேனேஜர் நல்ல மனிதர். அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள் வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் லைசென்ஸ் இல்லையென்றால் வேறு ஆள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைக்கு ஒரே ஒரு டெஸ்ட் இடம் கிடைத்தது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை என் கணவர் லேப்டாப்பும் ஸ்பேனருமாகக் களத்தில் இறங்கினார். சங்கதி சின்னதுதான். டாங்குக்குள் ஒரு மிதவை. பெட்ரோலோடு அது ஏறி இறங்கினால், ஒரு ஒயர் வழியாக முன்னால் முள் ஆடும். ஒயர் அறுந்திருக்கும் என்றார். புது ஒயர் போட்டார். ஃபுல். மிதவை ஓட்டையாகியிருக்கும் என்றார். வெளியே எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். உள்ளே சொட்டுச் சத்தம் இல்லை. பின்னால் நின்று அவர் மிதவையைக் கையால் ஏற்றி இறக்க, முன்னால் உட்கார்ந்து நான் கத்தினேன். "ஃபுல்! ஃபுல்! இன்னும் ஃபுல்லுதாங்க!"

கடைசியில் மீட்டரையே கழற்றி, பேட்டரியும் ஒயரும் மிதவையுமாகச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தார். அங்கே முள் என்ன அழகாக ஆடியது தெரியுமா! நான் கைதட்டினேன். திரும்பக் காரில் மாட்டினோம். ஃபுல். மறுபடி மேசைக்கு. ஆடியது. மறுபடி காருக்கு. ஃபுல். மூன்றாவது தடவை என் கணவர் புல்தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை.

என் கூச்சல் கேட்டுப் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா வந்தார். மனுரேவாவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களுக்கு ஒயரிங் பார்ப்பவர். "என்ன தங்கச்சி, காலமையில இருந்து ஃபுல் ஃபுல் எண்டு ஏலம் போடுறீங்களோ?" என்று கேட்டுக்கொண்டே ஸ்க்ரூட்ரைவரோடு உள்ளே குனிந்தார். ஸ்க்ரூட்ரைவர் அவர் கையிலிருந்து துள்ளிப் போய்ப் பிள்ளையாரின் காலடியில் ஒட்டிக்கொண்டது.

அக்கா பிள்ளையாரை மெல்லப் பிடுங்கித் தூரமாகப் பிடித்தார். முள் சரிந்து கீழே விழுந்தது. பக்கத்தில் கொண்டுவந்தார். எழுந்து நின்றது.

"ஓம், இவர்தான். முள்ளுக்குப் பின்னால இருக்கிறது இரும்பு. இவர் இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கிறார். காந்தம் ஆர் வச்சது?"

நான்தான். வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் பிள்ளையார் விழுந்துகொண்டே இருந்தார். பசை நிற்கவில்லை. உடைந்த ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து காந்தத்தைப் பெயர்த்து, அவர் காலடியில் கம்பியால் கட்டி ஆசனமாக்கியிருந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது அசல் பிள்ளையார், அப்படியும் குரங்குதான் வந்தது.

"அப்ப ரெண்டாவது டெஸ்ட்ல உன்னை ஃபெயில் ஆக்குனது நானும் இல்ல, காரும் இல்ல!" என்று என் கணவர் துள்ளிக் குதித்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கேயே காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் சேர்ந்து போட்டார். அக்கா எண்ணினார். எங்களால் ஏழுக்கு மேல் போட முடியவில்லை, சிரிப்பு.

பிள்ளையார் வீட்டுக்குள் சாமி அலமாரிக்குப் போனார். எனக்கு உள்ளூரப் பயம்தான். வெள்ளிக்கிழமை ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கண் பழக்கத்தில் மீட்டருக்கு மேலே போனது. அங்கே ஒன்றும் இல்லை. பார்க்க வேறு எதுவும் இல்லாததால் ரோட்டைப் பார்த்தேன். நாற்பத்தைந்து நிமிடம் ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டினேன். அதே அம்மாள்தான். இறங்கும்போது சிரித்து, கை கொடுத்தார். பாஸ்!

உள்ளே போய்த் தற்காலிக லைசென்ஸ் தாளை வாங்கிப் பைக்குள் திணித்தேன். ஓடி வந்து காரை எடுத்தேன். மூன்றாவது சிக்னலில்தான், "பார்த்தீங்களா?" என்று இடப்பக்கம் திரும்பினேன். சீட் காலி. கூட வந்து, நான் டெஸ்ட் முடிப்பதற்குள் காபி வாங்கப் போன கணவரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பைக்குள் போன் அடித்தது. ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் அன்று எனக்கு மிகவும் பிடித்தது. திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. ஏர்போர்ட் ரோட்டைப் பிடித்து நேரே வேர்ஹவுஸ் வாசலுக்குப் போய், ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

"ஏம்மா, எங்க இருக்க? காரைக் காணோம்! யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க!"

"யாரும் தூக்கிட்டுப் போகலைங்க," என்றேன். "நான்தான் தனியா ஓட்டிட்டு வந்துட்டேன்."