அரியலூர் பஸ் ஸ்டாண்டில் கடல் ஏறிய நாள்

ப்ரொஜெக்டர் சூடானதும் ஒரு வாசனை வரும்... தூசி கருகுகிற மாதிரி.

இன்று காலை ஸ்கூல் ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய ப்ரொஜெக்டரைத் துடைத்து ஆன் செய்தேன். அதே வாசனை. கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

பி.எஸ்சி. ஜியாலஜியும் பி.எட்.டும் முடித்துவிட்டு பெரம்பலூரில் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம் அது. அரியலூரில் ஒரு ஸ்கூலில் சயின்ஸ் டீச்சர் வேலைக்கு டெமோ கிளாஸ் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"கெடச்சா டீச்சர் வேல. கெடைக்கலன்னா சித்தி மவகூட திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிடு. நானும் எத்தன நாளுக்குத்தான் தாங்குறது?"

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டெமோவுக்குப் பாடம், பாறைகள். ஸ்லைடு போட்டுக் காட்டலாம் என்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த மேகலா அக்காவிடம் போனேன். ஹால் டிக்கெட் எடுப்பதிலிருந்து கல்யாணப் பத்திரிகை அடிப்பது வரை எல்லாவற்றுக்கும் அந்த அக்காதான்.

"படத்தச் சும்மா ஒட்டி வச்சா புள்ளைங்க தூங்கிடும் கண்ணு. நகர வுட்டுப் பாரு."

காலேஜ் படிக்கும்போது காரை கிராமத்து ஓடையில் நான் பொறுக்கி வந்த நத்தைக்கல் ஒன்று வீட்டில் கிடந்தது. தண்ணி டிரம் மூடிமேல் கனத்துக்கு வைத்திருந்தோம். அம்மோனைட் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்களே... கடலில் நீந்தித் திரிந்து, செத்து, கல்லாகிப் போன உயிர். அதைப் போட்டோ எடுத்துப் போயிருந்தேன். அக்கா படத்தில் கல்லைச் சுற்றியிருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, மௌஸால் வளைத்து வளைத்து ஒரு கோடு இழுத்தார். ப்ளே பட்டனைத் தட்டினார்.

கல் நீந்தியது.

சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கோடிக்கணக்கான வருஷமாக அசையாமல் கிடந்தது, எங்கள் வீட்டு டிரம் மூடியில் கிடந்தது, சுழன்றுகொண்டே போகிறது! "இன்னொரு தடவ போடுங்கக்கா" என்று எத்தனை முறை கேட்டேனோ தெரியாது.

அப்புறம் ஆசை அடங்கவில்லை. அரியலூர் போய் பஸ் ஸ்டாண்டைப் போட்டோ எடுத்து வந்து ஸ்லைடில் வைத்தோம். அதன்மேல் நீலத்தில் ஒரு பெட்டி. பாதி ஊடுருவித் தெரிகிற மாதிரி. கீழேயிருந்து மேலே ஏறும்படி அனிமேஷன். முதலில் பஸ் டயர் முழுகும், பிறகு டீக்கடை, கடைசியில் ஊர்ப்பெயர் போர்டு. அதற்கு மேல் என் நத்தைக்கல் நீந்தி வரும்.

டெமோ அன்று ஸ்கிரீன்கூட இல்லை. ப்ரொஜெக்டர் சூடாகி அந்தத் தூசி வாசனை கிளம்ப, வெள்ளையடித்த சுவரில்தான் காட்டினேன். கடைசி பெஞ்சில் தாளாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் ஏறியது.

"டேய்... நம்ம பஸ் ஸ்டாண்டுடா!"

முன் பெஞ்சில் ஒரு பெண் குழந்தை இரண்டு காலையும் தூக்கி பெஞ்சுமேல் வைத்துக்கொண்டது. நத்தைக்கல் நீந்தி வந்தபோது கிளாஸ் மொத்தமும் அது போகிற பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பியது.

அடுத்த க்ளிக்கில் கடல் வடிய வேண்டும். தட்டினேன். ஸ்லைடு ஷோ முடிந்து சுவர் கறுப்பானது.

தண்ணீர் வருவதற்கு அனிமேஷன் போட்டவள், போவதற்குப் போடவே இல்லை! ஒத்திகை பார்த்தபோதெல்லாம் அந்தக் கல் நீந்துகிற இடத்தில் சொக்கிப்போய், திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டிருக்கிறேன். முடிவு வரை ஒருநாளும் போனதில்லை.

"மிஸ், தண்ணி எப்ப வடியும்?" என்றது கால் தூக்கிய குழந்தை.

தாளாளர் முன்னால் சாய்ந்தார். "அதானே? ஏம்மா, அந்தக் கடலு எங்கதான் போச்சு?"

கண்முன்னால் திருப்பூர் பஸ் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து ஜன்னல் கடகடவென்று ஆடியது. ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி. நான் போய் ஜன்னல் திரைத்துணியை விலக்கினேன்.

"முழுசா வடியல கண்ணுங்களா. கொஞ்சம் இங்கயே தங்கிடுச்சு. அந்தா, லாரியில போவுது பாருங்க."

அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து படிந்துதான் இந்தச் சுண்ணாம்புக்கல் ஆனது என்றேன். அது ஃபாக்டரிக்குப் போய் சிமெண்ட் ஆகிறது. சொல்லிக்கொண்டே வந்தவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"அந்த சிமெண்ட்டுலதான் இந்தச் செவுரு. நாம கடலுக்குள்ளதான் உக்காந்துருக்கோம்."

பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்த விஷயம்தான். ஆனால் அந்த நிமிஷம் வரை எனக்கே அது புரிந்திருக்கவில்லை. கால் தூக்கிய குழந்தை மெதுவாக இறங்கிப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தது. அப்புறம் கிளாஸ் மொத்தமும் சுவரோரம்.

தாளாளர் எழுந்து பக்கத்துத் தூணைத் தட்டிப் பார்த்தார். "கூடவே நின்னு கட்டுன கட்டடம். இப்பிடி ஒரு நெனப்பு எனக்கு வந்ததே இல்ல." வாசல்வரை போனவர் திரும்பினார்.

"திங்கக்கெழம வந்துடுங்க, டீச்சர்."

அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சாப்புட்டியாம்மா?" என்றார். பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். எந்தப் பஸ் ஸ்டாண்டை முழுக வைத்தேனோ, அதே பஸ் ஸ்டாண்டில்.

இன்று சாயங்காலம் வீட்டில், மகன் பல தடவை கேட்ட இந்தக் கதையை மறுபடி ஆரம்பித்தேன். அவன் அந்தப் பழைய பஸ் ஸ்டாண்ட் போட்டோவை வாங்கி, போனில் ஏஐயிடம் என்னவோ டைப் செய்தான். நான் டீ ஆற்றி முடிப்பதற்குள் கடல் வந்துவிட்டது. நுரை, அலைச் சத்தம், தண்ணீருக்குள் வெயில்... அம்மோனைட்டுக்குக் கண்கூட இருந்தது! என் நீலப் பெட்டி எங்கே, இது எங்கே. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அலை ஏறியபோது என்னையறியாமல் சோபாவில் காலைத் தூக்கிக்கொண்டேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"தண்ணி எப்படா வடியும்?" என்றேன்.

போனிலிருந்து தலையைத் தூக்காமல், முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரை விரலால் தட்டினான்.

"இங்கதானம்மா இருக்கு."