மெஷினுக்குப் பூசிய நகப்பூச்சு

செங்காங் வீட்டில் என் மகள் நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தாள். அந்த வாடை என்னை எண்பதுகளின் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இழுத்துப் போனது.

அப்பா ஒரு கிளப்பில் புல்வெட்டி மெஷின் ஓட்டினார். உட்கார்ந்து ஓட்டும் சிவப்பு மெஷின், புத்தம் புதுசு. முந்தின நாள் அதைக் கொட்டகைக் கதவில் உரசிவிட்டார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அத்தையின் சிவப்பு நகப்பூச்சை வாங்கிக்கொண்டு, நாங்கள் அப்போதிருந்த மார்சிலிங்கில் என்னோடு கிளப்புக்குப் பஸ் ஏறினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கீறலின் மேல் பூசினார். நான் ஊதி ஊதிக் காயவைத்தேன்.

சூப்பர்வைசர் வந்தார். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

“என்ன லா, மெஷினுக்குக் கல்யாணமா?”

மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அவர்களைவிட உரக்க அப்பா சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேலை போகவில்லை. பஸ் பிடித்து வீடு திரும்பினோம்.

வாசலிலேயே அத்தை கேட்டார், “கலர் சரியா வந்துச்சா அண்ணே?”

“நல்லா வந்துச்சு. ஒருத்தருக்கும் தெரியல.”

அத்தை என்னைப் பார்த்தார்.

“ஆமா அத்தை” என்றேன்.

செருப்பைக் கழற்றக் குனிந்த அப்பா, நான் உள்ளே போகும்வரை நிமிரவே இல்லை.