ஸ்பைக்ஸைக் கழற்றாதீர்கள்!

மழை பெய்தால் குடைக்கடைக்காரருக்குக் கொண்டாட்டம். மலையில் பனி பெய்தால் எனக்குத் திண்டாட்டம். கலிஃபோர்னியாவில் குபெர்டினோ பக்கம் ஒரு கடையில், பனிமலைக்குப் போகிறவர்களுக்குப் பூட்ஸும் ஹெல்மெட்டும், வழுக்காமலிருக்க டயரில் சுற்றும் செயினும், ஷூவுக்கு அடியில் மாட்டும் ஆணி வைத்த ஸ்பைக்ஸும் வாடகைக்குக் கொடுப்பது என் வேலை. வாங்கிப் போனவர்கள் முழுசாகத் திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

எந்தச் சக்கரம்?

வெள்ளிக்கிழமை பிரபு வந்தார். பொள்ளாச்சிக்காரர். மனைவி உமா, மாமியார் ராஜாமணி ஆன்ட்டியோடு டாஹோ பனிமலைக்குப் போகிறாராம். செயினைக் கையில் கொடுத்து, "பார்க்கிங்லயே ஒரு தடவை மாட்டிப் பாருங்க" என்றேன். "யூட்யூப்ல பார்த்துட்டேங்க" என்றார். நானா விடுவேன்? வெளியே இழுத்துப் போனேன்.

மனிதர் முட்டி போட்டு, வியர்க்க விறுவிறுக்க, அழகாகத்தான் மாட்டினார். ஆனால் பின் சக்கரங்களில். அவருடையது முன் சக்கரம் இழுக்கும் கார். அப்படியே போயிருந்தால் பனி ரோட்டில் ஸ்டியரிங் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம் போயிருக்கும். கழற்றி முன் சக்கரத்தில் மாட்டச் சொன்னேன். அவரோ நியாயம் கேட்டார்: "எங்க ஊர்ல பைக்குக்குப் பின் சக்கரம்தானுங்களே இழுக்குது?"

முட்டி

ஆன்ட்டிக்கு ஸ்பைக்ஸ் அளவு பார்க்கக் குனிந்தபோதுதான் உமா மெதுவாகச் சொன்னாள், அம்மாவுக்குப் போன வருஷம் முட்டி ஆபரேஷன் ஆனது என்று. கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆன்ட்டி முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

நல்ல பூட்ஸாகத் தேடி எடுத்து, அதன்மேல் ஸ்பைக்ஸை நானே மாட்டிவிட்டேன். "பனியில கால் வெச்சதுலேர்ந்து காருக்குத் திரும்பற வரைக்கும் இதைக் கழட்டவே கூடாது ஆன்ட்டி. யார் சொன்னாலும்" என்றேன். ஆன்ட்டி தலையாட்டினார். "புதன்கிழமை ஊருக்கு ஃப்ளைட்டுங்கண்ணு. பனியை ஒருக்கா கையில தொட்டுட்டு ஓடியாந்துடறேன்."

சிக்னல் இல்லை

சனிக்கிழமை காலை மலையில் பனி கொட்டியது. ஹைவேயில் செயின் இல்லாத கார்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று செய்தி. "செயின் மாட்டிட்டோம், மேல போறோம்" என்று உமாவிடமிருந்து ஒரு மெசேஜ். அதோடு சரி. மத்தியானம் போன் பண்ணினேன், போகவில்லை. சாயங்காலமும் போகவில்லை. ரோடு நிலவரத்தைப் பார்த்துப் பார்த்து என் போனே சூடாகிவிட்டது.

அந்த முட்டி மட்டும் மடங்கினால் ஆன்ட்டி புதன்கிழமை வீல்சேரில்தான் ஊர் போய்ச் சேருவார். அதற்கு ஸ்பைக்ஸ் மாட்டி அனுப்பியது நான். அந்தக் கவலையில், கடைக்கு வந்த ஒருத்தருக்கு எட்டாம் நம்பர் பூட்ஸுக்குப் பதில் ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தேன். கூட வேலை பார்க்கும் குமாருக்குப் பொறுக்கவில்லை: "அக்கா, நீங்க சாமான் வாடகைக்கு விட்டீங்களா, பொண்ணைக் கட்டிக் கொடுத்தீங்களா?"

கேரட் தும்பிக்கை

ஞாயிறு மத்தியானம் மூவரும் கடைக்குள் வந்தார்கள். பிரபு நொண்டினார். உமா இடுப்பைப் பிடித்திருந்தாள். ஆன்ட்டி ஜம்மென்று நடந்து வந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

நடந்தது இதுதான். பிரபு ஒரு சரிவின் மேல் பனி பொம்மை செய்திருக்கிறார். மூக்குக்கு வைத்த நீளக் கேரட் கொஞ்சம் தொங்கிவிட, பார்க்கப் பிள்ளையார் மாதிரியே ஆகிவிட்டது. பிள்ளையார் என்று ஆனபின் ஷூவோடு நிற்கலாமா? கணவனும் மனைவியும் பூட்ஸ், ஸ்பைக்ஸ் எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாக்ஸோடு நின்று தோப்புக்கரணம் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது தோப்புக்கரணத்தில் பிரபு வழுக்க, உமா அவர் ஜாக்கெட்டைப் பிடிக்க, தம்பதி சமேதராகச் சரிவின் அடிவாரம் வரை போய், நல்லவேளை, மெத்தென்ற பனியில் விழுந்திருக்கிறார்கள். சிராய்ப்போடு போயிற்று.

"நீங்க கழட்டலையா ஆன்ட்டி?" என்றேன்.

"பிள்ளையாரு கோவிச்சாருன்னா ஊருக்குப் போயி ஒரு தேங்காய் உடைச்சுச் சமாதானம் பண்ணிக்கலாங்கண்ணு. முட்டி கோவிச்சுக்கிட்டா, அதை யாரு சமாதானம் பண்றது?"

இப்போதெல்லாம் நம்மவர்கள் யார் வாடகைக்கு வந்தாலும், ஐஸ், சரிவு, புயல் பற்றிய எச்சரிக்கைகளை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கும்பிடுவதென்றால் ஸ்பைக்ஸோடே கும்பிடுங்கள், பாவம் வந்தால் என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.