ஃபைசலின் நோன்பும் முதல் ஆட்டமும்

இன்று 2009 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. ரமலான் பிறை எட்டு.

அமெரிக்காவில் எங்கள் ஆலன் நகரப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்காக அமர்ந்திருந்தபோது நண்பர் இஸ்மாயில் தம் மகன் ஃபைசலை என்முன் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஃபைசல் தன் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை உதைப்பதற்கென்றே இருக்கும் கிக்கர். சென்ற ஆண்டு உதைத்தவர் படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். புதிதாகச் சேர்ந்தவன் வெகுதூரம் உதைக்கிறான். ஆனால் நேராக உதைப்பதில்லை. ஆகவே ஆட்டத்தைத் தொடங்கும் உதை அவனுக்கு; கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கும் பொறுப்பு ஃபைசலுக்கு. முதல் ஆட்டத்தில் தவறவிட்டால் அந்த இடம் பறிபோகும்.

அந்த ஆட்டம் செப்டம்பர் 5, மாலை ஆறு மணிக்கு. நோன்பு திறப்பதோ ஏழே முக்காலுக்கு.

"மாமா, அந்த ஒரு நாள் மட்டும் விட்டுட்டு அப்புறம் வச்சுக்கடான்னு நீங்களாவது சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான்" என்றார் இஸ்மாயில்.

ஃபைசல் சிரித்தான். "அங்கிள், நான் ஃபீல்டுல இருக்கறதே மொத்தம் ரெண்டு நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் பெஞ்ச்லதான். நோன்பு வைக்க இதைவிட ஈஸியான வேலை இருக்கா?"



"சரி, ஏழே முக்கால் வரைக்கும் இவனைக் கூப்பிடவே கூடாதுன்னு துஆ கேட்டுக்கறேன்" என்றார் இஸ்மாயில்.

பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் டச் டவுன் எடுத்தவுடன், கூடுதல் புள்ளிக்குக் கிக்கரைத்தான் அழைப்பார்கள். ஆக, அதுவரை சொந்த அணி ஒரு டச் டவுன்கூட எடுக்கக் கூடாது என்பதே இவருடைய பிரார்த்தனை. அந்தக் கல்லூரி ரசிகர்களிடம் இதை எடுத்துச் சொல்ல யார் முன்வருகிறீர்கள்?