அடுத்த பர்லாங்கு

அவனுடைய பர்லாங்கு வெயிலில் பளபளக்கும். என்னுடையது பளபளக்காது. ஐம்பதுகளின் நடுவில், சூளகிரிக்கு மேற்கே ஓசூர் சாலையில் நான் பட்ட பாட்டை இந்த இரண்டு வாக்கியங்களில் அடக்கிவிடலாம். ஆனால் வயிற்றெரிச்சல் அவ்வளவு சுருக்கமாக அடங்குகிற சரக்கு இல்லை.

நான் அப்போது சாலை இலாகாவில் சூப்பர்வைசர். அவனும் அதே வேலை, அதே சம்பளம். கிருஷ்ணகிரியிலிருந்து மைசூர் எல்லை வரை புதிதாகத் தார் போடுவதாக இருந்தது. எந்த மாதிரி போட்டால் அதிக காலம் தாங்கும் என்று பார்ப்பதற்காக, ஒரு மேட்டில் அடுத்தடுத்து இரண்டு பர்லாங்கு சாலையைப் பரிசோதனைக்கு ஒதுக்கினார்கள். ஏற்றத்தின் மேல் பாதி எனக்கு, கீழ் பாதி அவனுக்கு. எனக்குச் சொன்ன முறை, பெரிய ஜல்லியைப் பரப்பி ரோலர் ஓட்டி, இடுக்குகளில் தாரை ஊற்றி, கல்லின் முதுகு வெளியே தெரியும்படி விட்டுவிடுவது. அவனுக்குச் சொன்னது, தாரைத் தாராளமாகத் தெளித்து, பொடி ஜல்லியைத் தூவி, வழவழவென்று உருட்டிவிடுவது. எந்தப் பர்லாங்கு தேறுகிறதோ அதைப் போட்டவனையே முழுச் சாலைக்கும் பொறுப்பாக வைப்பார்கள் என்று ஆபீசில் பேச்சு. பொறுப்போடு ஓசூரில் ஒரு குவார்ட்டர்ஸும் வரும்.

எனக்கு அந்த வீடு வேண்டும். என் மனைவியும் கைக்குழந்தையும் ஊத்தங்கரையில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். நான் சூளகிரியில் ஒரு மண்டியின் பின்னறையில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே தும்மிக்கொண்டு குடியிருந்தேன். எப்போதாவது ஊருக்குப் போனால் குழந்தை என் மீசையைப் பார்த்து வீறிட்டு அழும். மாமனார், "பழகுனா சரியாப் போவும் மாப்ளே" என்பார். பழகுவதற்கு ஒரு கூரை வேண்டாமா? அவனுக்கோ கல்யாணமே ஆகவில்லை. அவன் அந்த வீட்டை வைத்துக்கொண்டு உள்ளே சைக்கிள்தான் ஓட்டலாம்.

அவன் பெங்களூர் தண்டு, அதாவது கன்டோன்மென்ட், பக்கத்துத் தமிழன். ஜல்லி சுமக்கிற கேங் பெண்களோடு தெலுங்கில் பேசுவான், வண்டிக்காரர்களோடு கன்னடத்தில் பேசுவான், என்ஜினீயரோடு ஆங்கிலத்தில் பேசுவான். நான் எல்லோரோடும் தமிழில் பேசினேன். எல்லோருக்கும் புரிந்தது, யாரும் சிரிக்கவில்லை. ஒரே கடையில் ஒரே பாலில் போட்ட டீ அவன் கிளாஸில் மட்டும் கெட்டியாக இருந்தது. இதை நான் பொறாமையில் சொல்வதாக நினைக்கலாம். பொறாமையில்தான் சொல்கிறேன், ஆனால் டீ கெட்டியாகத்தான் இருந்தது.

நான் தார் ஊற்றிய வாரம் மழை பிடித்துக்கொண்டது. அவன் ஊற்றிய வாரம் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. இரண்டு பர்லாங்கிலும் வேலை பார்த்தது ஒரே கேங்தான். அந்தக் கேங்கின் மேஸ்திரியிடம் என் துரதிர்ஷ்டத்தைச் சொல்லிப் புலம்பினேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணலுன்னாளாம்" என்றார் அவர், வெற்றிலையை மடித்தபடி.

ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் என்ஜினீயர் ஜீப்பில் வருவார். கூடவே ஆள் உயரத்துக்கு மேல் நீளமான ஒரு தேக்கு மட்டப்பலகையும் வரும். அதைச் சாலைக்குக் குறுக்கே படுக்க வைப்பார்கள். வண்டிச் சக்கரம் ஓடி ஓடிச் சாலை அமுங்கியிருந்தால் பலகைக்குக் கீழே சந்து தெரியும். கோடு போட்ட மர ஆப்பை அந்தச் சந்தில் செருகி, எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்ப்பார்கள். என் பர்லாங்கில் ஆப்பு சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்தது. அவனுடையதில் மூக்கைக்கூட நீட்ட முடியவில்லை.

சாலையை அறுப்பது மாட்டு வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டைதான். பஸ்ஸும் லாரியும் அப்போது அபூர்வம், அவற்றின் ரப்பர் டயர் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆகவே எத்தனை வண்டி ஏறி இறங்குகிறது என்று எண்ணுவதற்கு ஓர் ஆளைப் போட்டிருந்தார்கள். அவர் என் பர்லாங்கின் உச்சியில் இருந்த புளியமரத்து நிழலில் உட்கார்ந்து எண்ணினார். அவனுக்கென்று தனியாக ஆள் போடவில்லை. ஒட்டிப் பிறந்த இரண்டு பர்லாங்கு, இதில் வந்த வண்டி அதில் வராமல் ஆகாசத்திலா வரும் என்று என்ஜினீயர் முதல் மேஸ்திரி வரை எல்லோருக்கும் ஒரே எண்ணம்.

என்ஜினீயர் கட்டம் போட்ட தாளில் வண்டிக் கணக்கை மேலேயும் பள்ளத்தின் ஆழத்தைப் பக்கத்தில் கீழ்நோக்கியும் வைத்துப் புள்ளி குத்துவார். புள்ளிகளைச் சேர்த்து, கோட்டைப் பென்சிலால் வருங்காலத்துக்கு நீட்டி, சாலைக்கு ஆயுசு பார்ப்பார். என் கோடு குத்துப்பள்ளத்தில் இறங்கியது. அவன் கோடு உண்ட மயக்கத்தில் படுத்தவன் மாதிரி நீட்டிப் படுத்திருந்தது. "இந்தச் சாலை நம்ம எல்லாரையும் விட அதிகமா வாழும்போல" என்று என்ஜினீயர் அவன் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு என் முதுகில்தான் வலித்தது.

சூளகிரியிலிருந்து என் பர்லாங்குக்குப் போக வேண்டுமானால் அவனுடையதைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் பளபளப்பைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே சைக்கிளை இறக்கி, கேழ்வரகுக் கொல்லைகளின் வரப்பில் தள்ளிக்கொண்டு, சுற்றிப் போய் என் இடத்தில் ஏறுவேன். மாதக்கணக்கில் இப்படித்தான் போனேன்.

ஒரு கார்த்திகையில் அடைமழை பெய்து வரப்பெல்லாம் கரைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் சாலையிலேயே போனேன். எனக்கு முன்னால் புளி பாரம் ஏற்றிய ஒரு மாட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. அவன் பர்லாங்கு தொடங்கும் இடத்தில் வண்டிக்காரர் கயிற்றை இழுத்து, மாடுகளைச் சாலையை விட்டுக் கீழே திருப்பினார். ஆவாரம் புதருக்கு அந்தப் பக்கம், சாலையை ஒட்டியே, முழங்கால் ஆழத்துக்கு ஒரு வண்டித்தடம் ஓடியது. நான் பின்னாலேயே போய் விசாரித்தேன்.

"அந்த ரோட்ல மாடு நிக்காதுங்க சாமி" என்றார் அவர். தெலுங்கு வாடை அடிக்கிற தமிழ். "லாடம் வழுக்குது. போன வருஷம் எங்க பங்காளி மாடு முட்டி போட்டு உழுந்து எந்திரிக்கவே இல்ல. அதுலேர்ந்து எல்லாரும் மண்ணுலதான் எறக்கி ஓட்டறது. மேல இருக்கற கல்லு ரோடு வந்தா ஏறிக்குவோம். அது மாட்டுக் காலுக்கு நல்லாப் புடிக்குது."

மழையில் நனைந்துகொண்டே நான் சிரித்தேன். மேல இருக்கிற கல்லு ரோடு என்னுடையது. என் சாலை தேய்ந்தது, ஊரே அதில் நடந்ததால். அவன் சாலை புதிதாக இருந்தது, அதில் ஒருவரும் காலை வைக்காததால். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. ஓசூர் வீட்டில் குழந்தைக்கு ஊஞ்சல் எந்த விட்டத்தில் கட்டுவது என்றுகூட யோசித்தேன்.

அன்றைக்கே கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த அளவெடுப்புக்குச் சில நாள்தான் இருந்தது. எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், அதுவும் என்ஜினீயர் அவனைப் புகழ்ந்து முடித்து, சாப்பாடும் முடிந்து, அவன் கைகழுவி நிமிர்கிற நேரத்தில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அதற்கான வாக்கியங்களை மிளகாய் மூட்டைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

அளவெடுப்பு நாளும் வந்தது. என் பர்லாங்கில் ஆப்பு வழக்கம்போல் நுழைந்தது. கீழே போனோம். அவனுடையதில் பலகை சப்பென்று படிந்தது. என்ஜினீயர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "பிரமாதம்" என்று ஆரம்பித்தார். நான் உள்ளுக்குள் சாப்பாட்டுக்குக் காத்திருந்தேன்.

அவன் குறுக்கிட்டான். "சார், இது பிரமாதம் இல்ல. இந்த ரோட்ல வண்டியே ஏர்றதில்ல. எனக்கே போன வாரம்தான் தெரிஞ்சுது. இப்படி வாங்க" என்று ஆவாரம் புதரை விலக்கி, அந்தத் தடத்தைத் தானே காட்டினான். மாடு வழுக்குவதைச் சொன்னான். எண்ணுகிற ஆளை மேட்டின் உச்சியில் உட்கார வைத்தது தப்பு என்றான். "அவர் போட்டதுதான் ரோடு சார். என்னோடது கண்ணாடி" என்று என்னைக் கைகாட்டினான்.

நான் பழகி வைத்த வாக்கியங்களையெல்லாம், ஒன்று விடாமல், அவனே சொல்லிவிட்டான். எனக்கு வாய் நிற்கவில்லை. "நானும் பார்த்தேன் சார், வண்டி எறங்கறதை" என்றேன்.

"எப்போ?"

"மழை பெஞ்ச அன்னிக்கு சார்."

"அப்ப ஏன் சொல்லல?"

சாப்பாட்டுக்காகக் காத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது? மேஸ்திரி வேறு பக்கம் திரும்பி வெற்றிலையைத் துப்பினார்.

என் பர்லாங்குதான் தேறியது. கல்லின் முதுகு தெரிகிற அந்த மாதிரியே எல்லை வரை போடுவதென்று உத்தரவாயிற்று. போடும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்தார்கள். அளவு பார்த்துச் சாலை போடுகிற வேலைக்குத் தன் குறையைத் தானே சொல்கிற ஆள்தான் வேண்டும் என்றாராம் என்ஜினீயர். எனக்கு நாட்றாம்பாளையம் மலைப்பாதையில் சிறுபாலம் கட்டுகிற வேலை. அங்கே யானைக்கே சரியான வீடு கிடையாது. அவனுக்குப் போன வாரம்தான் தெரியும் என்பதை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. நல்ல மனது இருந்தாலும் அதை எனக்கு முன்னால் காட்டியிருக்க வேண்டாம்.

சாலை முடிந்த பிறகு என் மனைவி குழந்தையோடு என்னைப் பார்க்க ஓசூர் வந்தாள். நான் மலையிலிருந்து இறங்கிப் போய் பஸ்ஸுக்காக நின்றேன். அவள் இறங்கியபோது குழந்தை தோளில் நல்ல தூக்கத்தில் இருந்தது.

"கிருஷ்ணகிரில கண்ணை மூடுனதுங்க, இன்னும் தொறக்கல" என்றாள். "பஸ்ஸு தூக்கிப் போடவே இல்ல. முன்னெல்லாம் கொடலு வாய்க்கு வரும். யாருங்க போட்டாங்க இந்த ரோட்டை?"

என் கல், என் முறை, என் பர்லாங்கு என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன். எங்கே தொடங்கினாலும் சாப்பாட்டுக்குக் காத்திருந்ததில்தான் போய் முடியும். அவன்தான் போட்டான் என்று சொன்னேன்.

"நல்லா இருக்கணும் அந்த மனுசன்" என்றாள் அவள், குழந்தையை என் தோளுக்கு மாற்றிக்கொண்டே. குழந்தை விழித்து, என் மீசையைப் பார்த்து, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டு அழுதது.